பதினான்காவது கேள்வி

பத்தரைக்கு வரச் சொன்னார்கள் என்று பத்து மணிக்கே வந்து உட்கார்ந்தாயிற்று, இப்போது பதினொன்று நாற்பது, ஜட்ஜ் இன்னும் தன் அறையை விட்டு வரவில்லை, வராமலே போனால் எவ்வளவு நல்லது என்று தமயந்தி நினைத்தாள். நினைத்த கையோடு, சீ, இதெல்லாம் ஒரு நினைப்பா, பக்கத்தில் மாவுக்கட்டுக் கையோடு எட்டு வயசுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, ஒரு முடிவு தெரியாமல் ஆறு வாரமாகக் காப்பகத்தில் கிடக்கிறது, நீ வாய்தாவுக்கு வேண்டிக்கொள்கிறாயாக்கும் என்று தன்னையே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டாள். திட்டினால் மட்டும் வேண்டுதல் நின்றுவிடுமா? ஜட்ஜுக்குத் தலைவலி வரட்டும், வக்கீல்கள் ஸ்டிரைக் என்று எழுந்து போகட்டும், கரண்டாவது போகட்டும் என்று உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனால் கோர்ட்டு நிற்காது என்று மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருசம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா என்ன. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியதா சுற்றவில்லையா என்று சொல்ல முடியாதபடி சுற்றியது. குழந்தை, மிதுனா, பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கட்டின் மேல் காப்பகத்துப் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் பூ போட்டிருந்தார்கள், ஒரு பூவுக்குக் கண்ணும் மூக்கும் வேறு. தமயந்தியின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ‘ஆதரவு நபர்’ என்று போட்டிருக்கும். கோர்ட்டுக்கு வரும் குழந்தைகளுக்குத் துணையாக வருவது, அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது, சம்பளம் கிடையாது, ரிட்டயரானவர்கள் புண்ணியத்துக்குச் செய்கிற வேலை. புண்ணியம்! அந்த அட்டையைத் திருப்பிப் போட்டாள். அது தானாகவே மறுபடியும் முகம் காட்டித் திரும்பிக்கொண்டது.

எதிர்ப் பெஞ்சில் அவர்கள் இருந்தார்கள். அப்பன் பூபதி, தறி ஓட்டுகிறவன், தலையைக் குனிந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பார்த்தால் பாவம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எட்டு வயசுக் குழந்தையின் முழங்கையை முறுக்கி ஒடித்துவிட்டு ஆறு நாள் ஆஸ்பத்திரி பக்கமே போகாதவன் என்று எவன் நம்புவான். ஆறு நாள். எலும்பு கோணலாகச் சேர ஆரம்பித்துவிட்டது, மறுபடியும் ஒடித்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் சொன்னபோது தமயந்தி அந்த இடத்தை விட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். பக்கத்தில் அவன் அக்கா சாந்தாமணி. பெண்டாட்டி ஓடிப்போனதிலிருந்து அவள்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். மடிப்புக் கலையாத சேலை, நெற்றியில் விபூதி. தமயந்தி தெரியாத்தனமாக அந்தப் பக்கம் பார்த்துவிட்டாள், உடனே அவள் சிரித்தாள். கல்யாண வீட்டில் பந்திக்கு எதிரே உட்கார்ந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. சௌக்கியங்களா என்கிற மாதிரி தலையை வேறு அசைத்தாள். அந்தச் சிரிப்பில் மிரட்டல் ஒன்றும் இல்லை. நீயும் நானும் ஒரே கட்சிதானே கண்ணு என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு. உண்மைதானே. குழந்தையை எங்களிடமே விடுங்கள், ஊஞ்சலிலிருந்து விழுந்து கை ஒடிந்தது, நாங்கள் நன்றாகத்தான் வைத்திருந்தோம் என்று அவர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள், அந்த மனுவுக்கு இருக்கிற ஒரே பலம் தமயந்தி கைப்பட எழுதிய நாலு பக்க அறிக்கை. உங்கள் ஆளே வந்து பார்த்து, குழந்தையிடம் தனியாகப் பேசி, நல்லா இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அப்புறம் என்ன? அவர்களுடைய வயசான வக்கீல் இதை இன்று எழுந்து கேட்பார். அந்த அறிக்கையில் பதினான்காவது கேள்வி, ‘குழந்தையைத் தனியாகச் சந்தித்துப் பேசினீர்களா?’, அதற்கு எதிரே இரண்டு கட்டம், ஆம், இல்லை. தமயந்தி ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். பேசவில்லை. இவ்வளவுதான் விஷயம். ஒரு டிக்.

பேச வேண்டும் என்றுதான் போனாள், சத்தியமாக. ஆனால் போவதற்கு முந்தின நாளே போன் போட்டாள் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது. முன்னால் சொல்லாமல் போகணும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அது எப்படி, நாலு பேர் குடியிருக்கிற வீட்டுக்குத் திடுதிப்பென்று போய் நிற்பது, அவர்களுக்கும் மானம் மரியாதை இருக்காதா, நாளைக்கு வர்றனுங்க, இருப்பீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் தறிக்குடோனில் அந்தக் குழந்தையைப் பூட்டி வைத்திருந்து, பக்கத்துக் குடோன்காரர் போன் பண்ணி மீட்ட கேஸ் அது. அப்படிப்பட்டவர்களுக்கு என்னடி மரியாதை? ஒரு வாரம் வீட்டில் விட்டுப் பார்க்கலாம் என்று குழந்தைகள் நலக் குழுவில் முடிவாகி, அந்த வாரத்தில் போய்ப் பார்த்து எழுத வேண்டியது இவள் பொறுப்பு. போனாள். வாசலில் கோலம். உள்ளே கால் வைக்கும் முன்பே செம்பில் தண்ணீர். “வாங்க கண்ணு வாங்க, இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க, அப்பறம் எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்.” குடித்தாள். அரிசிம்பருப்புச் சோற்றின் வாசம் கூடத்தில் நிறைந்திருந்தது, சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள் சாந்தாமணி, நெய் ஊற்றினாள், பக்கத்திலேயே குழந்தைக்கும் ஓர் இலை. குழந்தை சாப்பிட்டது. எப்படிச் சாப்பிட்டது! நிமிரவே இல்லை, மூன்று தரம் வாங்கியது, இலையில் ஒட்டிய பருக்கையைக்கூட விரலால் ஒற்றி எடுத்தது, தமயந்திக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்து போயிற்று, பாருங்கள் எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறது என்று. வீட்டுக்கு வந்து எழுதினாள், ‘குழந்தைக்கு நன்றாகப் பசி எடுக்கிறது.’ அட கடங்காரி, பட்டினி கிடந்த பிள்ளை தின்கிற தீனி உனக்குத் தெரியவில்லையா, நெய் ஊற்றிய சோறு உன் கண்ணை மறைத்துவிட்டதா. சாப்பிட்டு எழுந்ததும், பாப்பாகிட்டக் கொஞ்சம் தனியாப் பேசணுங்க என்று கேட்கத்தான் கேட்டாள். “பேசுங்க, தாராளமாப் பேசுங்க, நம்மூட்டுல என்ன ஒளிவு மறைவு” என்று சொல்லிக்கொண்டே சாந்தாமணி சீப்பை எடுத்து வந்து குழந்தையை மடிக்கு இழுத்துத் தலை வார உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் சீப்பு ஓர் இழுப்பு இழுத்தது. நல்லா இருக்கியா கண்ணு? நல்லா இருக்கறனுங்க. அப்பா அடிக்கறாரா? இல்லீங்க. சாப்பிட்ட கை இன்னும் ஈரமாக இருந்தது. சோறு போட்டவளைப் பார்த்து, அம்மா நீங்க கொஞ்சம் வெளியே போங்க என்று எப்படிச் சொல்வது, வாய் வரவில்லை. அன்று வராத அந்த வாயை நினைத்தால் இப்போது இரண்டு அறை விட வேண்டும்போல் இருக்கிறது.

இத்தனைக்கும் இவள் யார்? கணக்கீட்டாளர் தமயந்தி. வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டர் பார்த்து ரீடிங் எழுதியவள். எத்தனை பேர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே போன மாசத்தோடு ஐம்பதைக் கூட்டி எழுதிவிட்டுப் போவார்கள், அவர்களையெல்லாம் வாயில் போட்டு மென்றவள். மீட்டரைக் கண்ணால் பார்க்காமல் ஒரு எண்கூட எழுதியதில்லை என்பது அவள் பெருமை. நாய் கடித்திருக்கிறது, குளவி கொட்டியிருக்கிறது, ஏணி சரிந்திருக்கிறது, ஒரு வீட்டுக்காரன் ஆடையில்லாமல்கூட வந்து நின்றிருக்கிறான், தூ என்று துப்பிவிட்டு ரீடிங்கைப் பார்த்துத்தான் வந்தாள். அப்படிப்பட்டவள் ஒரு குழந்தையைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதினாள். கேட்டால் யாராவது நம்புவார்களா? மீட்டர் பெட்டிகளில் ஒன்று, எந்த வருசம் அது, மகன் ஆறாவது படித்த வருசம், தறிக்குடோன் ஒன்றின் பின்கட்டில் இருந்தது. அதைப் பார்க்கப் போனபோது ஜன்னல் கம்பியில் சேலைத் துணியால் இடுப்பைக் கட்டி ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது, இரண்டு வயசு இருக்கும், மூக்கு ஒழுகியபடி. தறியில் கைகால் விட்டுவிடக் கூடாதே என்று பாதுகாப்புக்குக் கட்டியதாக இருக்கலாம். அப்படித்தான் எல்லாத் தறிக்காரர்களும் செய்வார்கள். அப்படி இல்லாமலும் இருக்கலாம். தறிச் சத்தத்தில் அது அழுகிறதா சிரிக்கிறதா என்றே தெரியவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. தமயந்தி ரீடிங்கைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாய் அதற்குப் பிறகு எத்தனை வருசம் அவளை விடவில்லை. ரிட்டயரானதும் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான், வேறு யாரிடமும் சொன்னதில்லை, மகன் ஓசூரிலிருந்து போனில், உனக்கு எதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு, கோயில் குளம்னு போயிட்டு வரலாமில்ல என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. வந்து என்ன கிழித்தாய்? இந்தத் தடவை கிட்டேயே உட்கார்ந்து சோறும் தின்றுவிட்டு வந்தாய்.

அரசு வக்கீல் கயல்விழி, முப்பது வயசுகூட ஆகாத பெண், கட்டுக் காகிதத்தோடு விறுவிறுவென்று வந்து குனிந்தாள். “அம்மா, பயப்படாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நீங்களா எதுவும் விரிச்சுப் பேச வேண்டாம். தனியாப் பேசுனீங்க, அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கப்பறம் நாலு மாசத்துல நெலமை மாறிடுச்சு, அவ்வளவுதான் நம்ம லைன்.” அவள் போய்விட்டாள். நம்ம லைன். அப்படிச் சொன்னால் எல்லாரும் தப்பிக்கலாம் என்று ஒரு கணம் மனசு துள்ளியது. அப்போது நல்லாத்தான் இருந்தது, அப்புறம் கெட்டுப்போயிற்று. நாலு மாசம் கழித்துப் பால் திரிந்ததற்கு வாங்கி வந்தவள் என்ன செய்வாள்? ஆனால் அந்த வயசான வக்கீல் விடுவாரா? தனியாகக் கேட்டபோதே குழந்தை அப்பா அடிப்பதில்லை என்றது, இப்போது காப்பகத்தில் யாரோ சொல்லிக் கொடுத்து மாற்றிப் பேசுகிறது என்பார். அந்த ‘ஆம்’ இருக்கிறவரை குழந்தை இன்று சொல்லப்போவது எல்லாம் பொய்யாகிவிடும். சரி, உண்மையைச் சொல்லிவிட்டால்? இந்த அட்டை போகும். போகட்டும், சனியன். ஆனால் இவள் எழுதிய மற்ற பதினோரு அறிக்கைகள்? பதினோரு குழந்தைகள். அவர்களிடமெல்லாம் தனியாகத்தான் பேசினாளா? பேசினாள். அந்த ஓமலூர்ப் பையனிடம் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பேசினாள், அது நல்லா ஞாபகம் இருக்கிறது. அந்த இரட்டைக் குழந்தைகளிடம்? மாடியில். கதவு திறந்திருந்ததா? கீழே அவர்கள் சித்தப்பன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான், சத்தத்தைக் குறைத்தானா? குறைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அய்யோ, குறைத்தானா? அப்படியானால் சொல்லாமல் இருப்பதே அந்தப் பதினோரு பேருக்கும் நல்லது என்று ஒரு குரல், ரொம்ப நியாயமான குரல், படித்த குரல். அந்தக் குரலைத்தான் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்போதுதான் மனுசிக்கு ஊரில் இருக்கிற குழந்தைகள் மேலெல்லாம் பாசம் பொங்கும்போலிருக்கிறது.

“மேடம்” என்றது மிதுனா. காப்பகத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் வேணுமா, பாத்ரூம் போகணுமா என்று தமயந்தி அவசரமாகக் குனிந்தாள். குழந்தை இல்லை என்று தலையாட்டிவிட்டு எதிர்ப் பெஞ்சைப் பார்க்காமல் பார்த்தது. கட்டுக்குள் அரித்தது போல, ஒரு குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டது. பிறகு, இட்லிக்கு என்ன சட்னி என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டது: “உள்ள போயி என்ன சொல்லோணும்னு உங்களுக்கும் அத்தை சொல்லிக் குடுத்துட்டாங்களா?” இந்தக் குழந்தைக்குத் தெரிந்த உலகத்தில் பெரியவர்களுக்கும் அத்தைதான் சொல்லிக் கொடுப்பாள். அன்று சீப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர், இரண்டு பேருமே சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு எழுந்தவர்கள், அப்படித்தானே அதற்குத் தோன்றும்? அதில் தப்பு என்ன? “எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல கண்ணு” என்றாள். சொன்ன பிறகு அது உண்மையாக வேண்டுமே என்ற பயம் வந்தது. அதற்குள் டவாலி வெளியே வந்து அவள் பெயரை மூன்று தரம் ஏற்ற இறக்கமாகக் கூவினான். எழுந்தாள். சாந்தாமணி சேலையை ஒதுக்கி வழிவிட்டாள், போயிட்டு வாங்க என்று வேறு சொன்னாள்.

கூண்டில் நின்றபோது ஃபேன் சத்தம்தான் முதலில் கேட்டது. அந்த வயசான வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார், அம்மா, அம்மா என்று வாய் நிறைய. இந்த அறிக்கை நீங்கள் எழுதியதுதானே? ஆமாங்க. பதினான்காவது கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறீர்கள், கோர்ட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். ஆம்னு எழுதியிருக்கறனுங்க. நல்லது, அது உங்கள் கையெழுத்துதானே? அவர் திரும்பிப் போய் உட்காரவே ஆரம்பித்துவிட்டார். “என் கையெழுத்துதானுங்க. ஆனா நான் எழுதுனது பொய்யுங்க. தனியாப் பேசலீங்க. பாப்பாவோட அத்தை பக்கத்துலயே உக்காந்து தலை வாரிட்டிருந்தாங்க. எனக்கு வெளிய போங்கன்னு சொல்ல வாய் வரலீங்க.” டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டு ஜட்ஜைப் பார்த்தாள். கயல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீல் என்றால் வக்கீல்தான், பாதி உட்கார்ந்த மனுசன் அப்படியே எழுந்து, அன்று பொய் எழுதிய சாட்சி இன்று மட்டும் உண்மை பேசுகிறார் என்று எதை வைத்து நம்புவது, இப்படிப்பட்டவர் ஆறு வாரமாகக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன ஓதினாரோ என்று பிடித்துக்கொண்டார். ஜட்ஜ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “நீங்க அன்னிக்கே ‘இல்லை’ன்னு ஒரு டிக் போட்டிருந்தா குழந்தையை அங்க விட்டிருக்கவே மாட்டாங்க. கையும் ஒடிஞ்சிருக்காது. உங்களுக்குப் புரியுதா?” புரியுதுங்க என்றாள் தமயந்தி. அது புரியாமலா ஆறு வாரமாகத் தூங்காமல் கிடக்கிறாள். உத்தரவு டைப் ஆயிற்று. இவள் எழுதிய எல்லா அறிக்கையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்த நிமிடத்திலிருந்து இவள் ஆதரவு நபர் அல்ல. குழந்தையை ஜட்ஜே விசாரிப்பார், துணைக்கு வேறு ஆள் உட்காரட்டும், இவள் வழக்கைப் பற்றிக் குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூண்டை விட்டு இறங்கும்போது, சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. தாகம்தான் எடுத்தது.

வெளியே பெஞ்சில் யாரோ ஒரு சின்னப் பெண், புது அட்டையோடு, மிதுனாவின் பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி நின்றிருந்தாள், அந்த வயசான வக்கீலின் ஜூனியர் பையன் ஃபைலை அணைத்துக்கொண்டு கதவோரம் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தமயந்தி அட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள், அவள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டாள். “நீங்க உள்ள வர்லீங்களா மேடம்?” என்றது குழந்தை. “என்னைய வேண்டாம்னுட்டாங்க கண்ணு. உங்கிட்டத் தனியாப் பேசுனேன்னு பொய் எழுதிட்டேன், அதுக்குத்தான்.” இதுகூடச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. பெண் போலீஸ் தொண்டையைக் கனைத்தாள். மிதுனா காலாட்டுவதை நிறுத்தியது. “எங்கிட்டயும் கேட்டாங்க மேடம். அன்னிக்கு அந்தப் பெரிய மேஜை ரூம்புல. நீங்க வர்ல, உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க. மேடம் உங்கிட்டத் தனியாப் பேசுனாங்களான்னு கேட்டாங்க, நான் பேசுனாங்கன்னு சொல்லிட்டேன்.” இது தமயந்திக்குத் தெரியாது. அறிக்கைக்குப் பிறகு நடந்த குழுவின் விசாரணையில் குழந்தையையும் கேட்டிருக்கிறார்கள், எழுதியும் வைத்திருப்பார்கள், அதில் குழந்தையின் கையெழுத்தும் இருக்கும், அந்த ஃபைல் இந்தப் பையனின் கையில்கூட இருக்கலாம். “எதுக்குக் கண்ணு அப்படிச் சொன்னே? அத்தை சொல்லச் சொன்னாங்களா?” கேட்டே விட்டாள். “இல்லீங்க. நானாத்தான். பேசலைன்னு சொன்னா உங்களத் திட்டுவாங்கல்ல” என்றது.

“அம்மா, பேசக் கூடாதுங்க” என்றாள் பெண் போலீஸ், கொஞ்சம் சங்கடத்தோடு. கதவோரத்துப் பையன் நிமிர்ந்து நின்றான். டவாலி வந்து மிதுனா, மிதுனா, மிதுனா என்று கூப்பிட்டான். புதுப் பெண் கையை நீட்டினாள், குழந்தை நல்ல கையை அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டடி போனது, நின்றது, திரும்பியது. “இப்பக் கேட்டா இல்லைன்னு சொல்லலாங்களா மேடம்?” சொல்லு கண்ணு, உனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லு, என்னைத் திட்டினால் திட்டட்டும் என்று தொண்டை வரை வந்தது. ஒரு வார்த்தை சொன்னாலும், ஒரு தலையசைப்புக் காட்டினாலும், சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பையன் உள்ளே ஓடுவான், குழந்தை சொல்லப்போகிற ஒரே உண்மையும் இவள் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். தமயந்தி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பதில் வரும் என்று குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.